நான்காவது வரியில் உடையும் பாட்டு

2011 வாக்கில் எனக்கு இரவு ஷிஃப்ட். ஓ.எம்.ஆரில் அலுவலகம், அதிகாலை மூன்றரைக்குக் கேப், நாலரைக்குள் வீடு. அந்த ஒரு மணி நேரத்துக்கென்றே பாட்டு சேர்த்து வைப்பேன். கூட வேலை பார்த்த ராக் பைத்தியம் ஒருவர் பென்டிரைவில் ஒரு ஃபோல்டரைப் போட்டுக் கொடுத்தார். பாதிக் கோப்புகளுக்குப் பெயரே கிடையாது. ட்ராக் 01, ட்ராக் 02 என்று எண்கள்தான். யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எதுவும் தெரியாமல் கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது. யாருக்கும் மரியாதை கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிடிக்கவில்லையென்றால் அடுத்ததுக்குத் தாவிவிடலாம்.

ஒரு நாள் சோழிங்கநல்லூர் தாண்டும்போது அதில் ஒன்று ஆரம்பித்தது. கிட்டார் மணியடிப்பதுபோல விழுந்தது. டிரம்ஸ் அவசரமே இல்லாமல், ஈரத்துணியைத் துவைகல்லில் அடிப்பதுபோலக் கனமாக வந்து சேர்ந்தது. மேலே ஓர் ஆண் குரல், தொண்டைக்கு எட்டுமா எட்டாதா என்ற உயரத்தில். பிரிட்டனின் பீட்டில்ஸ் குழுவில் யாரோ ஒருவர் தனியாகப் பாடி, வெளியிடக் கூச்சப்பட்டுத் தூக்கிப்போட்ட பாட்டு என்று நினைத்தேன். அவ்வளவு மோசமான ஊகம் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

பாட்டு 'ஐ ஆம் த காஸ்மோஸ்'. பாடியவர் கிறிஸ் பெல், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துக்காரர். 1974-ல் பதிவானது. இசைத்தட்டாக வந்தது 1978-ல். உயிரோடு இருந்தவரை அவர் பெயரில் தனியாக வெளிவந்தது அந்த ஒரே ஒரு சிறிய தட்டுதான், பக்கத்துக்கு ஒரு பாட்டு.

தலைப்பை மட்டும் கேட்டால் நம் ஆட்களுக்கு உபநிடத வாசனை அடிக்கும். 'நானே பிரம்மம்' என்று கேட்டு வளர்ந்த காதுகள். பாரதியின் 'நான்' பாட்டில்கூடக் காற்றும் புனலும் கடலும் எல்லாம் 'நான்'தான். அந்தத் தெம்பை எதிர்பார்த்துத்தான் நானும் முதலில் காதுகொடுத்தேன். ஆனால் பெல் செய்திருப்பது வேறு. முதல் வரியில், தினமும் இரவில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்கிறார். இரண்டாவது வரியில் நான் பிரபஞ்சம். மூன்றாவதில் நான் காற்று. நான்காவதில், அதனாலெல்லாம் நீ திரும்பி வந்துவிடவில்லை. முடிந்தது. மகாவாக்கியம் நாலு வரிகூடத் தாங்கவில்லை.

'தினமும் இரவில்' என்ற சொல்லை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. பிரபஞ்சமாகவே ஆகிவிட்டவன் அதைத் தினமும் சொல்ல வேண்டியதில்லையே. பரீட்சைக்கு முந்தின நாள் 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று முணுமுணுப்பவனின் பிரபஞ்சம் இது.

அடுத்து, கொஞ்சம் தேறி வரும் நேரத்தில் அவள் தொலைபேசியில் அழைக்கிறாள். இவருக்கோ தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. இடையில் ஒரு 'நோ, நோ' வருகிறது. அடுத்த நொடியே 'யா, யா, யா' என்று குரல் உயர்கிறது. பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பாட்டொன்றில் உலகையே துள்ள வைத்த அதே 'யா, யா, யா'. இங்கே அது தோற்றுப்போனவனின் சம்மதமாகக் கேட்கிறது. கடைசியில் பாட்டு வேறெங்கும் போகவில்லை. உன்னை மறுபடி பார்க்க வேண்டும் என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே தேய்கிறது. பிரபஞ்சத்தில் தொடங்கிய ஆள் நாலு நிமிடத்துக்குள் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இனி மெம்பிஸ். எல்விஸ் பிரெஸ்லி பாடத் தொடங்கிய ஊர், ஓட்டிஸ் ரெட்டிங்கின் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஊர். கறுப்பின மக்களின் ஸோல் இசையும் ப்ளூஸும் கொழித்த இடம். அங்கே 1951 ஜனவரியில் வசதியான வீட்டில் பிறந்த பெல்லுக்குப் பித்துப் பிடித்தது பிரிட்டன் இசைக்குழுக்கள்மேல். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பஞ்சாபி பாங்க்ரா மட்டும் வாசிப்பேன் என்றால் எப்படியோ, ஏறக்குறைய அப்படி. இவருக்கு வாய்த்த இடம் ஆர்டென்ட் ஸ்டூடியோ. அதன் உரிமையாளரும் ஒலிப்பதிவாளருமான ஜான் ஃப்ரை, வேலை நேரம் முடிந்ததும் ஊர்ப் பையன்களுக்கு ஸ்டூடியோவைத் திறந்துவிட்டு ஒலிப்பதிவைச் சொல்லிக்கொடுத்தவர். ராத்திரியெல்லாம் அங்கேதான் பெல்.

அங்கே 1971-ல் உருவான குழு பிக் ஸ்டார். பெல், டிரம்ஸுக்கு ஜோடி ஸ்டீஃபன்ஸ், பேஸ் கிட்டாருக்கு ஆண்டி ஹம்மல், அப்புறம் அலெக்ஸ் சில்டன். சில்டன் ஏற்கெனவே நட்சத்திரம். 16 வயதில் பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காக அவர் பாடிய 'த லெட்டர்' 1967-ல் அமெரிக்கப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. குழுவின் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்டூடியோ பக்கத்தில் இருந்த மளிகைக்கடையின் பெயர்ப்பலகையிலிருந்து. பிக் ஸ்டார் என்பது அப்போது அந்த ஊர்ப்பக்கம் பல கிளைகள் வைத்திருந்த மளிகைக்கடை. முதல் ஆல்பத்துக்கு வைத்த பெயர் 'நம்பர் ஒன் ரெக்கார்ட்'. பாதி கிண்டல், பாதி ஆசை. பெல்லைப் பொறுத்தவரை ஆசைதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

1972-ல் ஆல்பம் வந்தது. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை. விநியோகம் ஸ்டாக்ஸ் கையில். ஸோல் பாட்டு விற்கத் தெரிந்த நிறுவனம். நாலு வெள்ளைக்காரப் பையன்களின் கிட்டார் பாட்டை எந்த வானொலியில் போடச் சொல்வது, எந்தக் கடையில் அடுக்குவது என்று தெரியவில்லை. பிறகு ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியா நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கொலம்பியாவுக்கு இந்த ஆல்பத்தில் அக்கறையில்லை. கடையில் இருந்ததும் திரும்பிப் போனது. பத்தாயிரம்கூட விற்கவில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நல்ல சரக்கு லாரியிலேயே கிடந்து வீணான கதை நமக்கொன்றும் புதிதில்லை.

மற்றவர்கள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். பெல்லால் முடியவில்லை. அந்த ஆல்பத்தின் ஒலியைச் செதுக்கியதில் பெரும்பங்கு அவருடையது. குரல்களை அடுக்கி அடுக்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. போதாக்குறைக்குப் பத்திரிகைகள் எழுதியபோது வெளிச்சமெல்லாம் ஏற்கெனவே பெயர் தெரிந்த சில்டன்மேல் விழுந்தது. 1972 முடிவதற்குள் பெல் குழுவைவிட்டு வெளியேறினார். கடுமையான மனச்சோர்வு, போதைமருந்து, அப்புறம் தீவிரமான கிறிஸ்தவ நம்பிக்கை. மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு அவருக்குள் இருந்தன.

இந்த நிலையில்தான், 1974-ல், மெம்பிஸின் ஷூ என்ற சின்ன ஸ்டூடியோவில் 'ஐ ஆம் த காஸ்மோஸ்' பதிவாகிறது. டிரம்ஸ் ரிச்சர்ட் ரோஸ்ப்ரோ, பேஸ் கென் உட்லி. மூன்றே பேர். ஆர்டென்ட்டில் அத்தனை நுணுக்கமாக வேலை பார்த்தவர் இங்கே ஓரங்களைத் தேய்க்காமல் விட்டிருக்கிறார். டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தாளத்தின் சத்தம் குரலின் மேலேயே வழிகிறது. இடையில் வரும் கிட்டார் தனி வாசிப்பு கொஞ்ச நேரம்தான், அதுவும் வழி தெரியாதவர் நடப்பதுபோலத் தயங்கித் தயங்கிப் போகிறது. இதைத் திருத்தியிருந்தால் பாட்டு செத்திருக்கும். தெரிந்தே விட்டாரா, திருத்தத் தெம்பில்லாமல் விட்டாரா என்று நான் கேட்டுக்கொள்வது உண்டு.

தம்பி இப்படிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அண்ணன் டேவிட் பெல் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனார். முதலில் பாரிஸ் பக்கம் ஷாட்டோ தெரூவில். பழைய மாளிகை ஒன்றையே ஒலிப்பதிவுக்கூடமாக்கி வைத்திருந்த இடம். எல்டன் ஜான் அங்கே ஆல்பம் பதிவு செய்திருக்கிறார், டேவிட் போவியும். பிறகு லண்டன், ஏர் ஸ்டூடியோ. பீட்டில்ஸின் 'ரிவால்வர்', 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பங்களின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் அங்கே இந்தப் பாட்டின் குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலவை செய்துகொடுத்தார். நான் கேப்பில் உட்கார்ந்து பீட்டில்ஸ் மிச்சம் என்று நினைத்தது இதனால்தானோ என்னவோ. வாழ்நாளெல்லாம் எந்த ஒலியை விரட்டிக்கொண்டிருந்தாரோ அந்த ஒலியை உருவாக்கிய கைகளிலேயே தன் பாட்டு போய்ச் சேர்ந்தபோது பெல்லுக்கு எப்படி இருந்திருக்கும்! கிராமத்து மேடையில் ஆர்மோனியம் வாசிப்பவரின் பாட்டுக்கு எம்.எஸ்.வி. உட்கார்ந்து மெருகேற்றிக் கொடுத்ததுபோல.

இங்கே கதை நிமிர வேண்டும். நிமிரவில்லை. டேப்பைத் தூக்கிக்கொண்டு லண்டன் நிறுவனங்களுக்கு அலைந்தார்கள். யாரும் கையெழுத்துப் போடவில்லை.

ஊர் திரும்பிய பெல், அப்பாவின் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பர்கர் விற்கும் கடை. எமரிக் கலவை செய்த பாட்டு வீட்டில் டேப்பாகக் கிடக்க, இவர் கடையைப் பார்த்துக்கொண்டார். இப்படியே சில வருடம்.

வட கரோலினாவிலிருந்து நியூயார்க் போயிருந்த கிறிஸ் ஸ்டேமி என்ற இளைஞர்தான் கடைசியில் அதை வெளியே கொண்டுவந்தார். பிக் ஸ்டாரின் அபூர்வ ரசிகர்களில் ஒருவர். நியூயார்க்கில் சில்டனோடு சேர்ந்து வாசித்தவர், பிறகு டீபீஸ் என்ற குழுவைத் தொடங்கியவர். கார் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாகச் சின்ன நிறுவனம் ஒன்று வைத்திருந்தார். 1978-ல் அதன் சார்பில் 'ஐ ஆம் த காஸ்மோஸ்' வந்தது. அதே வருடம் பிரிட்டனில் பிக் ஸ்டாரின் முதல் இரண்டு ஆல்பங்கள் ஒரே உறையில் மறுபடி வெளியாகி, அங்கே ஒரு சின்னக் கூட்டம் காதைத் தீட்டத் தொடங்கியிருந்தது. சரி, இப்போதாவது என்று தோன்றும் நேரம்.

டிசம்பர் 27, நள்ளிரவு தாண்டிய நேரம். மெம்பிஸின் பாப்லர் அவென்யூவில் பெல் தனியாக ஓட்டிவந்த கார் விளக்குக் கம்பத்தில் மோதியது. அங்கேயே இறந்துபோனார். இன்னும் இரண்டு வாரத்தில் 28 ஆகியிருக்கும். ராக் உலகத்தில் 27 வயதில் செத்தவர்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன், பிறகு கர்ட் கோபேன். டி-ஷர்ட்டில் எல்லாம் போடுகிறார்கள். அதில்கூடப் பெல்லைச் சேர்ப்பவர்கள் குறைவு. பெல் இறந்த மறுநாள், டிசம்பர் 28, சில்டனின் பிறந்தநாள்.

கார் விபத்து விஷயம் தெரிந்த பிறகு கேப்பில் அந்தப் பாட்டைக் கேட்பதைச் சில வாரம் நிறுத்திவைத்தேன். பயம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். ஆளில்லாத சாலையில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக ஓடும்போது அந்த டிரம்ஸ் ஆரம்பித்தால் ஒரு மாதிரி இருக்கும்.

வெளியானபோது அந்தத் தட்டுக்கு வரவேற்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. பிழைத்துக் கிடந்தது ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்குப் பதிவாகித்தான். 80-களில் ஆர்.ஈ.எம்., ரீப்ளேஸ்மென்ட்ஸ் போன்ற குழுக்கள் பிக் ஸ்டாரின் பெயரைச் சொல்லச் சொல்ல, யார் அந்த இன்னொருவர் என்ற கேள்வியும் கூடவே வந்தது. 1991-ல் பிரிட்டனின் திஸ் மார்ட்டல் காயில் என்ற இசைக்கூட்டணி, தன் 'பிளட்' ஆல்பத்தில் பெல்லின் தட்டில் இருந்த இரண்டு பாட்டுகளையும் பாடவைத்தது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும். பின்பக்கப் பாட்டான 'யூ அண்ட் யுவர் சிஸ்டர்' அங்கே கிம் டீல், டான்யா டானலி என்ற இரு பெண்களின் குரலில் வருகிறது. அடுத்த வருடம், 1992-ல், ரைக்கோடிஸ்க் நிறுவனம் பெல் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளைத் திரட்டி 'ஐ ஆம் த காஸ்மோஸ்' என்ற பெயரிலேயே முழு ஆல்பமாக வெளியிட்டது. பதிவாகி 18 வருடம், ஆள் போய் 13 வருடத்துக்கு மேல்.

என் காதுக்குத் திஸ் மார்ட்டல் காயில் செய்த 'காஸ்மோஸ்' ஒட்டவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் குறை. எதிரொலியும் மெருகுமாக ஒலிக்கும்போது, பாடுபவர் உண்மையிலேயே பிரபஞ்சமாகிவிட்டாரோ என்று தோன்றிவிடுகிறது. மூலத்தில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

இன்னொரு குறையும் உண்டு, அது பாட்டின்மேல் இல்லை, ரசிகர்கள்மேல். பெல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் 'கல்ட்' என்ற சொல்லை மாலைபோல அவர் கழுத்தில் போடுகிறார்கள். கொஞ்சம் பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம், தோல்வியின் அழகு, இந்த வகையறா. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். பென்டிரைவ் கொடுத்தவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த பாட்டு என்பதில் ஒரு கர்வம். ஆனால் முதல் ஆல்பம் விற்காததால் நொறுங்கிப்போனவர் அவர். ஊர் முழுக்கக் கேட்க வேண்டும், வானொலியில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவருக்கும் சில்டனுக்கும் சேர்த்துப் பெயர் போட்ட 'இன் த ஸ்ட்ரீட்' பாட்டு 1998-ல் தொடங்கிய 'தட் செவன்ட்டீஸ் ஷோ' என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டானது. வேறு ஆட்கள் பாடியது. வாராவாரம் கோடிக்கணக்கான வீடுகளில் ஒலித்தது. பெல் இருந்திருந்தால் 47 வயது. ரகசியமாக வைத்திருங்கள் என்று அவர் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

1993 ஏப்ரல் 25. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் பிக் ஸ்டார் மறுபடி மேடையேறியது. பழைய ஆட்களில் சில்டனும் ஸ்டீஃபன்ஸும் மட்டும். மற்ற இருவர் போஸீஸ் குழுவின் கென் ஸ்ட்ரிங்ஃபெலோவும் ஜான் ஆவர் என்பவரும், பெல்லின் பாட்டைத் தாங்களாகவே பதிவு செய்திருந்த ரசிகர்கள். அந்தக் கச்சேரி ஆல்பமாகக் கிடைக்கிறது. நான்காவது பாட்டு 'ஐ ஆம் த காஸ்மோஸ்'. போஸீஸ்காரர் ஒருவர் முன்னின்று பாட, சில்டன் கிட்டார் வாசிக்கிறார். பழைய தட்டின் பின்பக்கத்தில், பெல்லின் குரலுக்குப் பின்னால் மெல்லிசாகச் சேர்ந்து பாடியதும் இதே சில்டன்தான். குழு உடைந்த பிறகு, கசப்பெல்லாம் இருக்க, வந்து பாடிக்கொடுத்தது. 'யூ அண்ட் யுவர் சிஸ்டர்' கேட்கிறவர்கள் ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டு குரலும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே பிரிகின்றன என்பது அப்போதுதான் தெரியும். சொல்லப்போனால் எனக்கு இப்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் அதிகம் பிடிக்கிறது.

சில்டன் 2010 மார்ச்சில் இறந்தார், ஹம்மல் அதே வருடம் ஜூலையில், ஜான் ஃப்ரை 2014-ல். முதல் நால்வரில் மிச்சம் ஜோடி ஸ்டீஃபன்ஸ்.

கேப் விஷயத்தை முடித்துவிடுகிறேன். பயம் தெளிந்து மறுபடி கேட்கத் தொடங்கிய சமயம், ஒரு நாள் என் ஹெட்ஃபோன் ஒரு பக்கம் செத்துவிட்டது. வண்டியில் நான் ஒருவன்தான், மற்றவர்கள் இறங்கியாகிவிட்டது. டிரைவர் அண்ணன், "போனை வண்டியில போடுங்க தம்பி, நானும் கேக்குறேன், தூக்கம் வராம இருக்கும்" என்றார். போனை அவருடைய ஸ்டீரியோவில் செருகினேன். பாதிப் பாட்டு வரை ஒன்றும் சொல்லவில்லை. 'யா, யா' வந்ததும், "என்னவாம் இவனுக்கு?" என்றார்.

சொன்னேன். நான்தான் இந்த உலகம், நான்தான் காத்துன்னு தெனமும் ராத்திரி சொல்லிக்கிறான் அண்ணே. ஆனா அதுக்காக அவ திரும்பி வரலியாம்.

திருவான்மியூர் சிக்னல் வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

"அப்புறம் எதுக்குத் தம்பி தெனமும் சொல்றான்?"